ஆறிய வண்டியில் அகப்படாத பிரேக் கோளாறு

தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையில் இறங்குகிறவர்களுக்கு பிரேக் கருகுகிற வாசனை புதிதில்லை. 27 கொண்டை ஊசி வளைவு, ஒன்றரை டன் லோடு, முன்னால் ஒரு பெரிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தால் செகண்ட் கியரில் இறங்கினாலும் கால் பிரேக்கிலேயேதான் இருக்கும். அடிவாரத்தில் பண்ணாரிக்கு வந்து நிறுத்தினால் எல்லா வண்டியிலும் அந்த நாற்றம் அடிக்கும், டீ குடித்து முடிப்பதற்குள் போய்விடும். அதனால் என் பிக்கப்பில் வந்ததையும் அப்படித்தான் நினைத்து ஒரு வாரம் விட்டுவிட்டேன்.

சந்தேகம் வந்தது சமதளத்தில். சத்தியமங்கலம் தாண்டி புளியம்பட்டி ரோட்டில் போகிறேன், பிரேக்கை அதிகம் தொடவே இல்லை, ஆனாலும் அதே வாசனை. ஸ்டியரிங் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது, ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி உருளாமல் யாரோ பின்னால் பிடித்து வைத்த மாதிரி நிற்கிறது. புளியமரத்தடியில் ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். கிளட்ச் கருகினால் வாசனை கேபினுக்கு அடியிலிருந்து வரும், பெரும்பாலும் ஏற்றத்தில் வரும். இது முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் போனால்தான் மூக்கைத் துளைத்தது. கையால் தொட வேண்டாம், சுட்டுவிடும். நான் பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து வீல் டிஸ்க் மேல் இரண்டு துளி தெளித்தேன், தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்றது. வலது சக்கரத்தில் அப்படியே வழிந்து இறங்கியது. (துளிதான், அதுவும் வெளியே இருக்கும் வீல் டிஸ்க்கில். சூடான பிரேக் டிஸ்க் மேல் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், கோணிவிடும்.)

முதல் பட்டறையில் கழற்றிப் பார்த்தால் டிஸ்க்கைக் கவ்வி உரசுகிற பேட் இடது பக்கம் இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, வலதில் பாதி மிச்சம். இரண்டு பக்கமும் புதுசு போட்டார்கள். பத்து நாளில் மறுபடி அதே வாசனை. இரண்டாவது தடவை பேடை அழுத்திப் பிடிக்கிற காலிபரைப் பிரித்தார்கள், அதற்குள் பேடைத் தள்ளுகிற பிஸ்டனில் கொஞ்சம் துரு இருந்தது, தேய்த்து, சீல் கிட் மாற்றி, காலிபர் நகர்கிற ஸ்லைடு பின் இரண்டுக்கும் சிலிக்கான் கிரீஸ் போட்டு, ஜாக்கியில் தூக்கிச் சுற்றிக் காட்டினார்கள். ஜம்மென்று சுற்றியது. மூன்றாவது நாள் கோவை மார்க்கெட் வாசலில் மறுபடி வாசனை. அன்றைக்கு உண்மையிலேயே பயந்துவிட்டேன். பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி ஆகிவிட்டால் பெடல் அப்படியே தரை வரைக்கும் போகும், அது திம்பத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்து இரவெல்லாம் தூக்கம் இல்லை.

கோபியில் ஒரு பெரியவர் இருக்கிறார், பழைய ஜீப்புகள் பார்த்த கை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வண்டியை இங்க விட்டுட்டுப் போகாதீங்க தம்பி, ஒரு பத்து கிலோமீட்டர் பிரேக் அடிச்சு அடிச்சு ஓட்டிட்டு அப்படியே சூடோட கொண்டாங்க" என்றார். இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. நான் இதுவரை ஒவ்வொரு தடவையும் ராத்திரி வண்டியை விட்டுவிட்டு வந்தேன், அவர்கள் காலையில் ஆறின வண்டியைப் பார்த்தார்கள். ஆறினால் சக்கரம் விட்டுவிடும்.

சூட்டோடு கொண்டுபோய், பின் சக்கரத்துக்குக் கல் வைத்து முன்பக்கம் தூக்கினோம். இடது சக்கரம் இரண்டு கையால் திருப்பினாலும் அசையவில்லை. காலிபரில் ஏர் எடுக்கிற (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற) நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையை பாட்டிலில் விட்டு (சூடான ஆயில் பீய்ச்சி அடிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்) கால் சுற்று திறந்தார். ஆயில் சீறி வந்தது, சக்கரம் உடனே விட்டுவிட்டது. அப்படியானால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகிப் பிடிக்கவில்லை, அழுத்தம்தான் திரும்பிப் போக முடியாமல் உள்ளே நிற்கிறது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால்தான் காலிபரைக் குறை சொல்ல வேண்டுமாம்.

அடுத்தது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நிப்பிளை மூடி, பிரேக்கை நாலைந்து தடவை மிதிக்கச் சொன்னார், சக்கரம் மறுபடி பிடித்தது. இந்தத் தடவை காலிபருக்கு ஆயில் கொண்டுவருகிற ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேருகிற மேல் மூட்டைத் தளர்த்தினார். நாலு சொட்டு வந்தது, சக்கரம் விடவில்லை. அங்கேயே சக்கரம் விட்டிருந்தால், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பக்கம் கோளாறு. விடாததால் இரண்டு மூட்டுக்கும் நடுவில் இருக்கிற ஹோஸ்தான் அடைப்பு.

வெளியே பார்த்தால் ஹோஸில் ஒரு வெடிப்புகூட இல்லை. பிளேடால் நெடுக அறுத்துக் காட்டினார், உள் ரப்பர் உப்பி, ஓரிடத்தில் தோல் உரிந்து நாக்கு மாதிரி நிற்கிறது. மிதிக்கும்போது வருகிற அழுத்தம் பெரிது, நாக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வர டிஸ்க் பிரேக்கில் ஸ்பிரிங் எதுவும் கிடையாது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் முறுக்கு விடுகிற அந்தச் சின்ன இழுப்புதான், அதற்கு நாக்கு வழிவிடாது. பேட் உரசி ஆயில் சூடாகி விரிய, இன்னும் இறுகும். ஆறினால் மெல்லக் கசிந்து விட்டுவிடும். ஒன்பது வருட வண்டி, அதே பழைய ஹோஸ். பேட் மாற்றும்போது காலிபரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்க விட்டாலும் இப்படி ஆகும் என்றார், ஒரு கம்பியில் கட்டி நிறுத்த வேண்டும்.

முன் ஹோஸ் இரண்டும், பின்னால் இருப்பது ஒன்றும் மாற்றினோம், மூட்டுக்குப் புது வாஷர். தேநீர் நிறத்தில் இருந்த பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, புதிதாக டாட் 4 ஊற்றினோம். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இழுத்தால் சீக்கிரம் கொதிக்கும்: புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறியதற்கு அந்தக் கணக்கு 155தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான், நான் ஆறு வருடமாக மேலே ஊற்றிக்கொண்டு மட்டும் இருந்தேன். பின் இடது சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்தோம். இடது வீல் பேரிங்கில் கிரீஸ் உருகி வழிந்திருந்ததால் அதையும் கழுவிப் புதுசு வைத்தார். மூன்று ஹோஸின் விலையும் சேர்த்தால்கூட நான் வீணாக்கிய ஒரு செட் பேட் விலை வராது.

போன வாரம் முழு லோடோடு இறங்கினேன். பண்ணாரியில் நிறுத்தி இரண்டு முன் சக்கரத்திலும் துளி தெளித்தேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆவியாகி, டீ குடித்துவிட்டு வரும்போது இரண்டிலும் ஒரே மாதிரி வழிந்தது. இடது பிரேக் டிஸ்க்கில் மட்டும் அங்கங்கே நீலம் பாய்ந்து கிடக்கிறது, மிதிக்கும்போது பெடலில் லேசான அதிர்வு இருக்கிறது, பொங்கல் லோடு முடிந்ததும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.