ஒரே பாவு

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவுக்குக் காசநோய் மாத்திரை தொடங்கி நான்காம் நாள். காலை ஆறு மணிக்கு அம்மா அழைத்தார். "கண்ணு, அப்பாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது." மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து தரும் நிறம் அது. பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். 11 ஆண்டுகளாகக் காசநோயாளிகளின் இரத்தத்தில் வேலை செய்கிறேன், என் வீட்டில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மார்ச் 4

எடை 46 கிலோ.

மார்ச் 6, வெள்ளி

நான்கு மாதிரிகள். ஃபைகால் திரவத்தின் மேல் இரத்தத்தைக் கலங்காமல் ஊற்றிச் சுழற்றி, நடுவில் நிற்கும் வெண்படலத்தை எடுத்தேன். மாலையில், செல்களை வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் திரையில் மெய்ட் செல்களைத் தேடினேன். நலமாக இருப்பவர்களின் இரத்தத்தில், டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் 1 முதல் 10 சதவீதம் வரை இவைதாம். திரையின் மூலையில் எறும்புப் புற்றுபோல் திரண்டிருக்கும். இன்று ஒருவரிடம் விரல்விட்டு எண்ணலாம் போலிருந்தது. நோய் முற்றியவர்களின் இரத்தத்தில் இவை குறைவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நுரையீரலுக்குள் போயினவா, செத்து மடிந்தனவா? இன்று அந்தக் கேள்வியை எழுதும்போது கை நின்றுவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு, சென்னிமலை

அப்பா திண்ணையில் படுத்திருக்கிறார். குழித்தறியில் பாதிப் போர்வை அப்படியே நிற்கிறது.

"கோயமுத்தூரில் அப்படி என்னதான் தேடுகிறாய், அம்மிணி?" இத்தனை ஆண்டுகளில் இன்றுதான் கேட்டார்.

தறியைக் காட்டியே சொன்னேன். சாதாரண டி செல்கள் கிருமியை அறிய வைத்திருக்கும் ஏற்பிகள் கோடிக்கணக்கான வகை, ஆளுக்கு ஆள் வேறு. மெய்ட் செல்கள் அந்த வழக்கத்துக்கு மாறானவை. அவற்றின் ஏற்பியில் இரண்டு சங்கிலிகள். ஆல்பா சங்கிலி எனக்கும் அப்பாவுக்கும் எங்கோ பனி நாட்டில் இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. பீட்டா சங்கிலியில்தான் கொஞ்சம் மாற்றம்.

"பாவு ஒன்று, ஊடை மாறுகிறது" என்றார். நீள நூல் ஒன்றே, குறுக்கு நூல்தான் வேறு. இதைவிட நன்றாக நான் எந்தக் கருத்தரங்கிலும் சொன்னதில்லை.

மெய்ட் செல் கிருமியை எதை வைத்து அடையாளம் காண்கிறது என்று கேட்டார். வைட்டமின் பி2. நம் உடம்புக்கு அதைச் செய்யத் தெரியாது, பாலிலும் கீரையிலும் பெறுகிறோம். காசநோய்க் கிருமி தானே செய்துகொள்கிறது. செய்யும் வழியில் பிறக்கும் ஒரு துண்டு, எம்.ஆர்.1 என்ற புரதத்தில் சிக்கி, நம் செல்லின் மேற்பரப்பில் வந்து நிற்கும். 2012-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் இந்தத் தொடர்பைக் கண்டார்கள். முதலில் எம்.ஆர்.1-இல் அவர்கள் பார்த்தது வேறு பொருள், செல் வளர்க்கும் திரவத்திலிருந்த ஃபோலிக் அமிலம் சிதைந்து வந்தது. அது பொருந்தியது, ஆனால் மெய்ட் செல்லை எழுப்பவில்லை. அதோடு விடாமல் மேலும் தேடினார்களே, அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதைச் சொல்லும்போது அப்பா தூங்கியிருந்தார்.

மார்ச் 11

நூல் தூசி என்று மூன்று மாதம் இருமல் மருந்து கொடுத்தார்கள். ஒரு முறைகூடச் சளியைப் பரிசோதிக்கவில்லை. நானும் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அந்த இருமலைக் கேட்டேன். கேட்டேன்.

மார்ச் 15, சென்னிமலை

பெரியம்மா வாசலிலேயே நின்று, பெருந்துறை சானடோரியத்தில் சேர்த்துவிடலாமே என்றார். அவர் மனதில் இன்னும், காசநோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த அந்தக் காலம்தான். சென்னையில் நடந்த ஆய்வு 1959-இலேயே வெளிவந்துவிட்டது. வீட்டில் இருந்தபடி மருந்து உண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள், உடன் வசித்தவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுவதும் மருத்துவ முறையை மாற்றிய ஆய்வு, நம் ஊர் மக்களிடம் செய்தது. பெரியம்மாவிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். குரலை உயர்த்திவிட்டேன். அம்மா உள்ளே போய்விட்டார்.

மார்ச் 18

அப்பாவின் இரத்தத்தில் மெய்ட் செல்கள் எத்தனை இருக்கின்றன?

மார்ச் 19, வியாழன்

ஒரே ஒரு குழாய், 5 மில்லி. கேட்டால் கையை நீட்டிவிடுவார், அதனால்தான் கேட்கக்கூடாது. மகள் கேட்கும்போது மறுக்க எந்த அப்பாவால் முடியும்? அப்படி வாங்கும் கையெழுத்துக்கு ஒப்புதல் என்று பெயரில்லை. எண்ணிப் பார்த்தாலும் என்ன தெரியும்? நலமாக இருந்த நாளில் அவருக்கு 2 சதவீதம் இருந்ததா, 8 இருந்ததா, யாரும் எண்ணவில்லை. இவ்வளவும் தெரிந்தும் இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து மெய்ட் செல்களை அடையாளம் காட்டும் டெட்ராமர் மீதமுள்ளது எத்தனை மாதிரிக்கு வரும் என்று கணக்குப் போட்டேன்.

மார்ச் 24

1882-இல் இதே நாளில்தான் பெர்லினில் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். எடை 47.

ஏப்ரல் 12, சென்னிமலை

தறியில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன். தெருமுனையிலேயே நாடா ஓடும் சத்தம் கேட்டது. அம்மா அடுப்படியில் எதுவும் தெரியாததுபோல் அரிசிம்பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். நானும் தெருவிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏப்ரல் 28

இரண்டு மாதம். காலையில் சளி கொடுத்துவிட்டார். நாளை மதியம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.