மூக்குத் துவாரத்தைச் சிறிதாக்கும் அறுவை: ஒரு நாட்குறிப்பு

2024 மார்ச் 4, திங்கள்

இன்று அளவெடுப்பு. மூக்கு அகலம் என்று சொல்லி வருபவருக்கு அந்த அகலம் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் கத்தியைப் பற்றிப் பேசவே கூடாது. சிலருக்கு மடல், அதாவது துவாரத்தின் வெளிப்பக்கச் சதை, வெளியே பிதுங்கி, கன்னத்தோடு சேரும் மடிப்பைத் தாண்டி நிற்கும். சிலருக்கு மடல் ஒழுங்காக இருக்கும். துவாரத்தின் கீழ்விளிம்பு நீளமாக இருக்கும். இன்று பார்த்த மூக்கில் இரண்டும் உண்டு.

கண்களின் உள்முனைகளுக்கு இடையே 34 மி.மீ., மடல்களுக்கு இடையே 41. இரண்டும் சமமாக வேண்டும் என்பது ஐரோப்பிய முகத்தை வைத்து எழுதிய கணக்கு. அதை நம் முகத்தில் அப்படியே திணித்தால் மூக்கு கிள்ளிவிட்டதுபோல் ஆகும். 37-38 போதும்.

வலது இடது துவாரங்கள் ஏற்கெனவே சமமில்லை என்பதைப் படத்தில் காட்டிவிட வேண்டும். காது, மூக்கு குத்திய இடத்தில் தழும்பு தடித்ததா என்று கேட்பதும் இன்றே. புகைப்பவர் அறுவைக்கு 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சுருங்கிய ரத்தக்குழாய்கள் காயத்தை ஆறவிடாது.

மார்ச் 7, வியாழன்

உட்காரவைத்துக் கோடு போட்ட பிறகுதான் ஊசி. மருந்து இறங்கினால் சதை வீங்கி அளவு மாறிவிடும். மரத்துப்போக 1% லிக்னோகைன், ரத்தக்குழாயைச் சுருக்க 1:1,00,000 அட்ரினலின். பத்து நிமிடம் காத்திருந்தால் ரத்தக்கசிவு நன்றாகக் குறையும். மூக்கு நுனியையும் உயர்த்துவதாக இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். நுனி உயர்ந்தாலே மடலின் பிதுக்கம் கொஞ்சம் அடங்கும்.

மடலில் ஆப்பு வடிவில் வெட்டியெடுக்கும் முறையை நியூயார்க்கின் ராபர்ட் வியர் 1892-இல் எழுதினார். அது பிதுக்கத்தைக் குறைக்கும். துவாரம் சிறுக்க வேண்டுமென்றால் வெட்டு கீழ்விளிம்புக்குள்ளும் போக வேண்டும். இன்று ஒவ்வொரு பக்கமும் எடுத்தது மடலில் 3 மி.மீ., கீழ்விளிம்பில் 2 மி.மீ.

வெளிக்கோடு மடிப்புக்கு 1 மி.மீ. மேலே. மடிப்புக்குள்ளேயே போடுபவர்களும் உண்டு; மேலே போட்டால் மடிப்பின் பள்ளம் கெடாமல் நிற்கும் என்பது எங்கள் கருத்து. அதற்கு மேல் ஏறக் கூடாது. மூக்கு நுனிக்கு ரத்தம் கொண்டுபோகும் பக்கவாட்டுத் தமனி அங்கே ஓடுகிறது. இரு துவாரங்களுக்கும் நடுவே உள்ள தண்டை வெட்டித் திறந்த மூக்கில் நுனி பெரும்பாலும் அதை நம்பித்தான் இருக்கும்.

கீழ்விளிம்பில் நேராக வெட்டிச் சேர்த்தால் அந்த இடம் குழிந்து, துவாரம் சாவித்துளைபோல் தெரியும். இந்த அறுவையில் அதிகம் கண்ணில் குத்தும் பிழை இதுதான். உள்பக்கத்தில் ஒரு சிறு தோல் நாக்கை விட்டுவைத்தால் வளைவு தொடரும். முதல் தையலும் அங்கேதான், இரு விளிம்பும் ஒரே உயரத்தில் பொருந்துவதற்கு. உள்ளே தானே கரையும் 5-0 நூல், தோலுக்கு அதைவிட மெல்லிய 6-0 நைலான்.

மார்ச் 8, வெள்ளி

வீக்கம், இறுக்கம், லேசான கசிவு: மூன்றும் எதிர்பார்த்தவையே. தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். காய்ந்த ரத்தத்தை உப்புநீரில் நனைத்த பஞ்சால் எடுத்துவிட்டுக் களிம்பு தடவ வேண்டும். பொருக்கு கட்டினால் தழும்பு அகலும். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வலி ஒரு பக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனாலோ தோல் கறுத்தாலோ அன்றே வர வேண்டும்.

மார்ச் 13, புதன்

தையல் பிரித்தாயிற்று. 5 முதல் 7 நாள்தான் கணக்கு. மடலின் தோல் எண்ணெய்ப் பசை மிகுந்தது. நூல் தங்கினால் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

ஏப்ரல் 18, வியாழன்

பெரும்பாலானோர் பயப்படும் கட்டம். கோடு சிவந்து, தொட்டால் கெட்டியாக இருக்கிறது. இது தழும்பு முதிரும் வழிதான். மாநிறத் தோலில் வெயில் பட்டால் அந்தக் கோடு கறுத்துவிடும். சன்ஸ்கிரீன், சிலிக்கோன் ஜெல் இரண்டும் தினமும் வேண்டும். கோடு உண்மையிலேயே மேடிட்டால் ட்ரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி சிறு அளவில் போடலாம்.

செப்டம்பர் 9, திங்கள்

அகலம் 37.5 மி.மீ. கோடு மடிப்பின் நிழலில் போய்விட்டது. வலது துவாரம் அரை மி.மீ. பெரிது, அதைத் தொடப்போவதில்லை. குறைவாக எடுத்திருந்தால் ஓராண்டு கழித்து இன்னும் 1 மி.மீ. எடுப்பது சுலபம். அதிகம் எடுத்து மூச்சு தடைப்பட்டால், காதிலிருந்து தோலும் குருத்தெலும்பும் சேர்த்து வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். அந்த ஒட்டின் நிறமும் தடிப்பும் மடலோடு முழுதாகப் பொருந்துவது அரிது.