ராக்வெல் 35 வேண்டும் என்றார்கள்

கோயம்புத்தூரில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில், அதாவது எஃகைச் சுட்டு ஆறவைத்து அதன் கடினத்தை மாற்றும் இடத்தில், இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். எங்களிடம் வரும் ஜாபில் பாதிக்கு மேல் பம்ப் ஷாஃப்ட்தான். போர்வெல்லுக்குள் இறங்கும் பம்பில் சுழல்கிற அந்த நீளக் கம்பி பெரும்பாலும் 410 கிரேடு எவர்சில்வர். சிலர் 420 கொண்டுவருவார்கள், சிலர் 431.

புதிதாக வருகிறவர்களில் சிலர் சட்டைப்பையில் காந்தம் வைத்திருப்பார்கள். ஷாஃப்டில் அது ஒட்டியதும் முகம் மாறிவிடும். "எவர்சில்வர்னு சொன்னாங்க, காந்தம் ஒட்டுதுங்களே?" என்பார்கள். ஒட்டத்தான் வேண்டும். நல்ல எவர்சில்வர் பாத்திரத்தின் 304 கிரேடில் 8 சதவீதமாவது நிக்கல் இருக்கும். அதில் காந்தம் ஒட்டாது, அதை எவ்வளவு சுட்டு எண்ணெயில் முக்கினாலும் கடினமும் ஆகாது. 410இல் நிக்கல் பெயருக்குத்தான். குரோமியம் 11.5 முதல் 13.5 சதவீதம், கார்பன் 0.15க்குள். இதைச் சுட்டு முக்கினால் உள்ளமைப்பு மாறி இறுகிவிடும். அந்த இறுகிய நிலைக்கு மார்டென்சைட் என்று பெயர். அடால்ஃப் மார்டென்ஸ் என்ற ஜெர்மானிய உலோகவியலாளரின் நினைவாக வைத்தது. சமையலறைக் கத்தி, அறுவை சிகிச்சைக் கத்தரி, நீராவி டர்பைன் பிளேடு எல்லாம் இந்த வம்சம்தான்.

முதலில் ஷாஃப்டுகளைக் குழி ஃபர்னஸில் தொங்கவிடுவோம். படுக்கவைத்தால் தன் எடைக்கே வளைந்துவிடும். 750 டிகிரியில் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். சாதாரண இரும்போடு ஒப்பிட்டால் இது பாதி அளவுக்குத்தான் வெப்பத்தைக் கடத்தும். அவசரப்பட்டு ஏற்றினால் மேல்தோல் சிவந்திருக்கும், உள்ளே சூடு போயிருக்காது. அப்புறம் 980இலிருந்து 1010க்குள் ஊறவைத்து எண்ணெயில் இறக்குவோம். வெளியே எடுக்கும்போது, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 40க்கு மேல் காட்டும். அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, எளிதில் உடையும். மறுபடி குறைந்த சூட்டில் சுட்டு அந்த உடையும் குணத்தைக் குறைப்பதுதான் டெம்பரிங். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி அண்ணன் தினமும் சொல்வார்: "தம்பி, கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் டெம்பரிங்ல ஏத்திடு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு வெக்காத."

அது எவ்வளவு உண்மை என்பதை 2012 மின்வெட்டுக் காலத்தில் பார்த்தேன். 420இல் செய்த வால்வு பாகங்களை முக்கி எடுத்து வைத்திருந்தோம், கரண்ட் போய்விட்டது. ராத்திரி அந்தக் கூடையிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. விடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால் முடி கனத்தில் விரிசல்கள். 420இல் கார்பன் அதிகம், இறுக்கமும் அதிகம். டெம்பரிங் கிடைக்கும்வரை அது காத்திருக்கவில்லை.

ஆனால் என்னை மாற்றியது அதற்கும் முன்னால் நடந்த வேறொரு ஜாப். வாடிக்கையாளர் கொடுத்த வரைபடத்தில் 410 ஷாஃப்டுக்கு ராக்வெல் சி 34 முதல் 36 என்று போட்டிருந்தது. நான் ஃபர்னஸ் பொறுப்புக்கு வந்த புதிது. டெம்பரிங்கை ஒவ்வொரு 20 டிகிரியாக மாற்றிச் சோதனைத் துண்டுகள் போட்டு, 530 டிகிரிக்குப் பக்கத்தில் 35ஐப் பிடித்துவிட்டேன். மேஸ்திரி அண்ணன் அன்று லீவு. எண்பது ஷாஃப்ட், எல்லாமே அளவுக்குள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் நெளிவு எடுக்கப் பிரஸ்ஸில் ஏற்றினோம். இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க வி பிளாக், நடுவில் வளைவை அளக்க டயல் கேஜ், மெதுவாக அழுத்தம். நாலாவது ஷாஃப்ட் சுள்ளி ஒடிகிற மாதிரி 'பட்'டென்று ஒடிந்தது. லேத்தில் டூல் ஆழமாக இழுத்திருந்த ஒரு கோட்டில்தான் ஒடிந்திருந்தது. ஒடிந்த முகத்தைப் பார்த்தேன். நல்ல ஷாஃப்ட் ஒடிந்தால் சாம்பல் நிறத்தில் நார் நாராக இருக்கும். இது கற்கண்டை உடைத்தது மாதிரி மணிமணியாக மின்னியது. எட்டாவதும் அப்படியே ஒடிந்தது. நிறுத்திவிட்டோம்.

அண்ணன் வந்து துண்டைக் கையில் வாங்கினார். "எத்தனைல போட்ட?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "400க்கும் 580க்கும் நடுவுல நிக்கவே கூடாதுப்பா" என்றார்.

410க்கு டெம்பரிங்கில் இரண்டு கரை உண்டு. 200, 300 டிகிரிப் பக்கம் நின்றால் 40க்குக் கிட்டத்தட்ட கடினம். 600க்கு மேல் போனால் 25க்குப் பக்கத்தில் இறங்கும், ஆனால் அடி தாங்கும். நடுவில் இருப்பது பள்ளம். அந்தச் சூட்டில் குரோமியமும் கார்பனும் பொடிப்பொடியாகச் சேர்ந்து பிரிகின்றன. அதிர்ச்சி தாங்கும் குணம் சரிகிறது. அந்தப் பொடிகளைச் சுற்றிக் குரோமியம் குறைந்துபோவதால் துருவும் சீக்கிரம் பிடிக்கும். வரைபடம் கேட்ட 35 அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது. ராக்வெல் மெஷின் வைரமுனையை அழுத்தி ஆழத்தை அளக்கும். குரோமியம் எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

420 வாங்கி ஹார்டனிங் செலவு எதற்கு என்று மெத்தென்ற நிலையிலேயே பொருத்திவிட்டு, "ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்குது" என்று வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். சுடாத 420இல் குரோமியத்தில் ஒரு பங்கு கார்பனோடு கட்டுண்டு கிடக்கும். சுட்டு ஊறவைத்தால்தான் அது கரைந்து உலோகம் முழுக்கப் பரவி, மேலே காப்புப் படலம் போடும். இந்த எஃகுக்கு நெருப்பு கடினத்தை மட்டும் கொடுப்பதில்லை, துருவைத் தாங்கும் சக்தியையும் அதுதான் கொடுக்கிறது. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி வார்த்த எஃகும் இதே வகைதான், குரோமியம் 12.8, கார்பன் 0.24 சதவீதம். அங்கிருந்த கத்திக்காரர்கள் பழைய இரும்புக்குப் பழகிய சூட்டிலேயே வேலை செய்துவிட்டு, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த எண்பது ஷாஃப்ட்தான் ஞாபகம் வந்தது.

மீதி 78ஐயும் திரும்பச் சுட்டு, முக்கி, 620இல் டெம்பரிங் செய்தோம். வாடிக்கையாளரிடம் போய் 24 முதல் 28 என்று மாற்றச் சொல்லி, ஒடிந்த துண்டை மேசையில் வைத்தேன். தேய்மானத்துக்கு என்ன செய்வது என்று அவர்கள் கேட்டது நியாயம்தான். பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்டின் மேல் கடினமான ஸ்லீவ், அதாவது குழாய் மாதிரி ஒரு உறை, மாட்டிக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

போன மாதம் இன்னொரு வரைபடம் வந்தது. 410, ராக்வெல் 35. எங்கள் பட்டறைப் பையன் செட்டிங் போடக் கை வைத்தான். "பொறு தம்பி" என்று டிராயரைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்தேன்.