கோணப்புலத்திலிருந்து கண்ணகி நகருக்கு

உதவி செய்ய வெளிநாடு போகிறோம் என்று சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொப்பி கொண்டுவந்து தந்த ஆக்கள் எல்லாரும் முடிஞ்சு, இப்ப நீ கொண்டு போறியோ?" என்றார்.

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில், மல்லாகம் கோணப்புலம் நலன்புரி நிலையத்தில், அதாவது இடம்பெயர்ந்தவர்களின் முகாமில். அப்பாவும் அம்மாவும் கடற்கரை ஊரான மயிலிட்டிக்காரர். 1990 ஜூனில் போர் வந்து வலிகாமம் வடக்கிலிருந்து சனம் எழும்பி ஓடியபோது உடுத்த உடுப்போடு வந்தவர்கள். எங்கள் முகாமுக்கு வான்களில் ஆட்கள் வருவார்கள். வெள்ளைக்காரர், கொழும்புக்காரர், ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வரும் பிள்ளைகள். நாங்கள் வரிசையில் நிற்போம், கொப்பி தருவார்கள், படம் எடுப்பார்கள். அவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கொப்பிகளில்தான் படித்தேன். ஆனால் அப்பாவிடம் "இப்ப என்ன தொழில் செய்யிறீங்கள்?" என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. தோணி வைத்திருந்த மனிசன் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். கடல் சில கிலோமீற்றர் தூரம்தான், நடுவில் இராணுவத்தின் முள்ளுக்கம்பி.

எங்கள் சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பு எடுக்கும் பெடியளையும் பெட்டையளையும், சென்னையில் அதே வேலை செய்யும் ஒரு சின்னக் குழு அழைத்திருந்தது. பலாலியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மயிலிட்டித் துறைமுகத்தை 2017 ஜூலையில் இராணுவம் விட்டது. அப்பப்பாவின் காணி இன்னும் முள்ளுக்கம்பிக்கு உள்ளே கிடக்கிறது. விமானம் எழும்பியபோது அது எந்தப் பக்கம் என்று தேடினேன். பற்றைதான் தெரிந்தது.

அந்தக் குழு வேலை செய்யும் கண்ணகி நகர் சென்னைத் துரைப்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாலையோரம் கண்ணாடி போட்ட ஐ.டி. கம்பெனிகள், திரும்பி உள்ளே போனால் இது. எங்களோடு வந்த கோப்பாய்த் தம்பி ஒருவன் வந்து இறங்கியதிலிருந்து "சேரி எங்கை அக்கா?" என்று கேட்டபடியே நடந்தான். படங்களில் பார்த்த ஓலைக் குடிசையை அவன் எதிர்பார்த்திருக்கிறான். இங்கே வரிசை வரிசையாக மாடிக் கட்டடங்கள். 2020இல் ஓவியர்கள் வந்து சுவர்களில் பெரிய பெரிய முகங்கள் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உண்மையிலேயே அழகு. பெண்கள் குடங்களோடு காத்திருப்பதும், ஒரு அறைக்குள் மூலையில் அடுப்பு வைத்துக் குடும்பமே படுப்பதும் அதே சுவர்களுக்குப் பின்னால்தான்.

தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. 2021இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, கடற்கரை என்று நகரத்துக்குள் பல இடங்களில் இருந்தவர்களை 2000ஆம் ஆண்டளவிலிருந்து கண்ணகி நகருக்குக் கொண்டுவந்தார்கள். 15,000க்கும் மேலே வீடுகள். குடிசையை எடுத்துவிட்டு வீடு கொடுத்தாயிற்று, வேறென்ன வேண்டும் என்று எங்களில் சிலரும் கேட்டார்கள்.

அதற்கு ஒரு அக்கா மறுமொழி சொன்னார். முதலில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீ கேரளாவா?" என்றார். சென்னையில் எங்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. யாழ்ப்பாணம் என்றேன். "ஐயோ, சிலோனா?" என்று கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்துவிட்டார். அவருடைய குடிசை சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவம் கரையில் இருந்ததாம். எழும்பூரில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்ப்பார், நடந்தே போய்வருவார். அங்கிருந்து கண்ணகி நகர் ஏறக்குறைய 20 கிலோமீற்றர்.

"ஊடு குடுத்தாங்கம்மா, இல்லன்னு சொல்லல. வேலைய அங்கயே வுட்டுட்டு வந்தோம்" என்றார்.

எனக்கு அப்பாவின் வெங்காயத் தோட்டம் நினைவுக்கு வந்தது. வேறு நாடு, வேறு காரணம். இங்கே போரும் இல்லை, முள்ளுக்கம்பியும் இல்லை. ஆனால் மனிசரைத் தொழிலிலிருந்து பிரித்து வைத்தால் நடப்பது ஒன்றுதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த அக்கா மறுபடி எழும்பூர் வேலைக்குப் போவது அதனால்தான். விடிய நாலரைக்கு எழும்புகிறார். சுவர் ஓவியத்தையும் இலவச பஸ்ஸையும் பக்கத்தில் வைத்து எது உதவி என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்.

இன்னொன்று. அங்கே டெலிவரி வேலை செய்யும் ஒரு பெடியன் நேர்முகத் தேர்வுக்குப் போனால் முகவரியைத் துரைப்பாக்கம் என்றுதான் சொல்வானாம். கண்ணகி நகர் என்றால் வேலை கிடைக்காது என்கிறான். நாங்களும் பள்ளிக்கூடத்தில் "முகாம் பிள்ளையள்"தான். ஆனால் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அதற்குப் பிறகு அங்குள்ள சின்னப் பெட்டைகள் ஊர்ப் பெயரைக் கொஞ்சம் உரத்தே சொல்கிறார்கள். "உங்க ஊர்ல கபடி ஆடுவீங்களா?" என்று கேட்டு எங்களை இறக்கி, மண்ணைக் கவ்வ வைத்தார்கள். கோப்பாய்த் தம்பிக்கு முழங்கால் உரிந்ததுதான் மிச்சம்.

திரும்பும் முன் அந்தக் குழுவிடம் என்ன தேவை என்று கேட்டோம். உடுப்பு வேண்டாம், பை வேண்டாம், பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் சாதாரண தரப் பரீட்சைக் கணக்கும் அவர்களுடைய புத்தகமும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இப்போது செவ்வாயும் வியாழனும் பின்னேரம் சூமில் வகுப்பு. அங்கே நெட் பிரச்சினை இல்லை. எங்கள் பக்கம்தான் மழை தூறினாலே அறுந்துபோகிறது. அதற்கு என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.