மில் சங்கு

ஜெர்மனிக்கு வந்த மூன்றாவது வாரம். இரவு 11 மணிக்கு ஒரு மென்பொருள் பிழையைச் சரிசெய்து, குழுவில் எல்லோருக்கும் மெயில் போட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை 8 மணிக்கே ஆபீஸில் இருந்தேன். சென்னையில் பதினோரு வருடம் இப்படித்தான். "ராத்திரியே முடிச்சிட்டீங்களா, சூப்பர்" என்று ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை இரவுகள்!

இங்கே மேலாளர் என்னைத் தனியறைக்கு அழைத்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கோ "மேடம்" தொண்டை வரை வந்து நிற்கும். "நேற்று இரவு வேலை செய்யச் சொல்லி யாராவது கேட்டார்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் இனி செய்யாதீர்கள். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்கும்வரை 11 மணி நேரம் ஓய்வு இருக்க வேண்டும். அது சட்டம்."

முகம் சுட்டது. மெச்சுவார்கள் என்று நினைத்துப் போன இடத்தில் தவறு செய்தவளாக நின்றேன். அன்று ரயில் ஏறப் பிடிக்காமல் வீடுவரை நடந்தேன்.

பிறகுதான் விசாரித்தேன். 1994-ஆம் ஆண்டு வேலைநேரச் சட்டம் அது. நாளுக்கு 8 மணி நேரம். 10 வரை போகலாம், ஆனால் ஆறு மாதச் சராசரி 8-ஐத் தாண்டக் கூடாது. வேலை நேரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அவர்களுடைய உச்ச தொழிலாளர் நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. 'பெட்ரீப்ஸ்ராட்' என்று ஒரு சபை, ஊழியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. அது இருக்கும் இடத்தில், வேலை தொடங்கும் நேரத்தை மாற்றவோ ஓவர்டைம் கேட்கவோ நிர்வாகம் அதன் சம்மதத்தை வாங்க வேண்டும்.

விடுமுறையில் இருப்பவருக்கு வரும் மெயிலைத் தானாக அழித்துவிட்டு, "இன்னாரைக் கேளுங்கள்" என்று பதில் அனுப்பும் வசதியை டைம்லர் என்ற கார் நிறுவனம் 2014-லேயே தன் ஊழியர்களுக்குக் கொடுத்தது என்று ஒருவர் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார்கள்.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் காதில் விழுந்தது. லீவில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால், மருத்துவர் சான்று கொடுத்தால், அந்த நாட்கள் லீவு கணக்கில் சேராது, பிறகு எடுத்துக்கொள்ளலாம். நோய் வேறு, ஓய்வு வேறு. எனக்கு ஆஸ்பத்திரி வராந்தா ஒன்று கண்முன் வந்தது. உள்ளே அம்மாவுக்கு ஆபரேஷன். லீவு போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அப்படியும் மடியில் லேப்டாப், காதில் கிளையன்ட் கால். டாக்டர் வெளியே வந்து என்னைத் தேடியபோது நான் மியூட்டை எடுத்து யாருக்கோ ஸ்டேட்டஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா நன்றாகிவிட்டார். அந்தப் பத்து நிமிடம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்போதைய சென்னை மேலாளர் மீதுகூடக் கோபமில்லை. அவரும் வேறொரு போன் காலில் இருந்திருப்பார். எனக்குக் கோபமெல்லாம், அதைக் கடமை என்று நம்பவைத்த அந்த முறையின் மீதுதான்.

தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் இருந்தவர். சங்கு ஊதினால் வேலை முடிந்தது. "அதுக்கப்புறம் துரையே வந்தாலும் நான் என் வீட்டு ஆள்" என்பார். அந்தச் சங்கும் சும்மா கிடைத்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி போதவில்லை என்ற குறையெல்லாம் பேசித்தான் 1918-இல் அந்த மில் ஆட்கள் வாடியா, திரு.வி.க. போன்ற தலைவர்களோடு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். மில் 1996-இல் மூடப்பட்டது. பேத்தி நான் ஏசி கட்டடத்துக்குப் போனேன். அங்கே சங்கே இல்லை.

இங்கே கிளம்பும்போது "ஷோனன் ஃபையராபென்ட்" என்கிறார்கள். வேலைக்குப் பிந்தைய மாலைப்பொழுது நல்லபடி அமையட்டும் என்று ஒரு வாழ்த்து. முதல்முறை பொருள் தெரிந்தபோது தாத்தாவின் சங்குதான் கேட்டது.

இப்போது பழகிவிட்டது. ஐந்து மணிக்கு லேப்டாப்பை மூடிவிடுகிறேன். குளிர்காலத்தில் அதற்குள் இருட்டிவிடும். சக ஊழியர்கள் அவரவர் வீட்டுக்கு, பாட்டு வகுப்புக்கு என்று போய்விடுவார்கள். "வா, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்று எழுப்ப ஆளில்லை. ரிலீஸ் முடிந்த நடுராத்திரியில் ஆறு பேர் ஒரே கேபில் நெருக்கியடித்து, வழியில் பரோட்டாக் கடையில் இறங்கி, யார் வீட்டில் யாருக்கு வரன் பார்க்கிறார்கள் என்று பேசிக்கொண்டு போவோம். அந்த முறை தப்பு என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அந்த கேபில் எனக்கு ஒரு இடம் இருந்தது.

போன வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பழைய குழுத் தோழியைக் கூப்பிட்டேன். அங்கே இரவு பத்தரை. பின்னால் கீபோர்டு சத்தம். 11 மணி நேர ஓய்வைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நிஜமாவாடி?" என்றாள். அப்புறம், "இரு, கால்ல என் பேரைக் கூப்பிடறாங்க" என்று போனை வைத்துவிட்டாள்.