கரியிலக்குள்ள ஒரு புழு

ஜனவரி 9, குலசேகரம்
விளையில ரப்பர் இலை உதிர ஆரம்பிச்சாச்சு. கிணத்துப் பக்கம் நனஞ்சு கிடந்த கரியிலய, அதான் காஞ்சு விழுந்த சருக, கிளறுனா அடியில பழுப்பா ஒரு சின்ன புழு, அரை இஞ்ச் கூட இருக்காது, சருக அரிச்சு நரம்ப மட்டும் விட்டு வச்சிருக்கு. இத்தன வருஷமா பச்ச இலை தின்ற புழுவத்தான் பாத்திருக்கேன். ரெண்டு புழுவ டப்பாவுல போட்டு கொண்டு வந்துட்டேன்.

ஜனவரி 12
ஒரு பக்கம் பச்ச இலை, ஒரு பக்கம் சருகு வச்சேன். பச்சைய தொடவே இல்ல! சருகும் மொறுமொறுன்னு காஞ்சிருந்தா வேண்டாம், தண்ணி தெளிச்சு ஊறுன பெறவுதான் தின்னுது. அம்மா வந்து பாத்துட்டு "கரியிலய கூட்டாம டப்பாவுல போட்டு வளக்கியா மக்களே"ன்னு கேட்டா.

ஜனவரி 19
படிச்சதுல கிடைச்சது: இது அந்துப்பூச்சியில ஹெர்மினியினேங்கிற கூட்டம், இங்கிலீஷ்ல லிட்டர் மாத், அதாவது சருகு அந்துப்பூச்சின்னு சொல்லுவாங்க, முன்னாடி நொக்டுயிடே குடும்பத்துல வச்சிருந்தத இப்ப எரிபிடேக்கு மாத்திட்டாங்க, இதுல நிறைய இனத்தோட புழு காஞ்சு விழுந்த இலையத்தான் தின்னும், அந்துப்பூச்சி புழுக்கள்ல இது அபூர்வம்.

ஜனவரி 25
ரெண்டும் சருக நூலால ஒட்டி உள்ள கூட்டுப்புழுவாயிடுச்சு.

பிப்ரவரி 4
ஒண்ணு வெளிய வந்துடுச்சு!! கரும்பழுப்பு, றெக்கய விரிச்சு முக்கோணமா உக்காந்திருக்கு, முகத்துல இருந்து ரெண்டு நீள உதட்டு உணரி (வாய்ப் பக்கத்து உறுப்பு) கொம்பு மாதிரி மேல வளஞ்சு நிக்குது. முன்னங்கால்ல முடிக்கத்த வேற. இந்த கூட்டத்துல ஆணுக்குத்தான் அது, வாசன பரப்பி பெண்ண கூப்பிட. சருகு மேல வச்சா கண்ணுக்கே தெரியல, ராத்திரி பத்து மணி வரைக்கும் டார்ச்சோட உக்காந்திருந்தேன்.

பிப்ரவரி 6
பக்கத்து விளை அண்ணன் எல்லா கரியிலயும் கூட்டி எரிக்கணும்னு நிக்காங்க. கோபம் நியாயம்தான், ஏப்ரல்ல கோட மழ பெஞ்சதும் முப்ளி வண்டு கூட்டங்கூட்டமா ஓட்டுக்கும் சுவத்துக்கும் ஏறி வந்து படுக்கய கூட விடாது, அதுவும் ரப்பர் சருகத் தின்னுதான் பெருகுது. ஆனா அந்த தீயில இதுவும் போகும்லா. ரொம்ப நேரம் பேசி, வீட்ட ஒட்டுனத மட்டும் கூட்டி எருக்குழியில போடுறோம், கிணத்துப் பக்கம் கிடக்கட்டும்னு ஒத்துக்கிட்டாங்க.

ராத்திரி அந்த பூச்சிய அங்கயே விட்டேன். ரெண்டாவது கூடு இன்னும் திறக்கல.