நெத்திலியும் நானும்

பாம்பன் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது, அந்த வீட்டுக்கு நான் முதலில் போனது நாயைத் துரத்தச் சொல்லத்தான். ஒன்பது வயதுச் சிறுமிக்கு முதல் வகை நீரிழிவு. நாளுக்கு நான்கு முறை இன்சுலின். ஊசியும் மருந்தும் புழங்குகிற திண்ணையில் தடுப்பூசி போடாத தெருநாய் அவள் காலடியிலேயே கிடந்தால் எந்தச் செவிலியர் பொறுப்பார்? விலா எலும்பை எண்ணலாம் போலிருந்ததால் அதற்கு நெத்திலி என்று பெயர் வைத்திருந்தாள்.

அப்பாவுக்கு விசைப்படகில் கூலி வேலை. அம்மா விடிவதற்கு முன்பே கடல்பாசி எடுக்கப் போய்விடுவார். துணைக்கு இருந்த அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. குளிர்சாதனப் பெட்டி கிடையாது. பானைக்குள் பானை வைத்து, இடையில் ஈர மணல் நிரப்பி மருந்தைக் காத்தார்கள். அது நான் காட்டிய வழி. ஊசி போட்டுக்கொள்ளவும் நான்தான் பழக்கினேன். "கண்ணை மூடிக்கொள், மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும்" என்றேன். "நானே போடும்போது கண்ணை எப்படி சிஸ்டர் மூடுவது?" என்று கேட்டாள். பதினாறு வருட அனுபவம் அங்கே வாயடைத்து நின்றது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு நின்றால் கூலி இல்லை. தட்டில் சோறு குறையும். ஊசியின் அளவு மட்டும் குறையவில்லை. சோறு குறைந்து இன்சுலின் குறையாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஒரு விடியற்காலையில் நெத்திலி அப்பத்தாவின் சேலையைக் கடித்து இழுத்திருக்கிறது. எரிச்சலோடு எழுந்தவர் பேத்தியைத் தொட்டுப் பார்த்தால் உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. என்னைக் கூப்பிட ஆள் ஓடிவந்தது. சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நினைவு இருந்ததால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து 82.

வெளிநாடுகளில் இதற்கென்றே நாய்களைப் பழக்குகிறார்கள். சர்க்கரை குறையும்போது மூச்சில் ஐசோப்ரீன் என்ற வேதிப்பொருள் கூடுவதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எட்டுப் பெண்களிடம் கண்டார்கள். நாய்கள் மோப்பம் பிடிப்பது அதையாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். நெத்திலியை யாரும் பழக்கவில்லை. அவளை ஒட்டியே படுப்பதால் நடுக்கம் அதற்கு முதலில் தெரிந்திருக்கும் என்பது என் கணக்கு. அதன்பின் அது குரைத்த போதெல்லாம் விரலில் குத்திப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் சரியாக இருந்தது. மிச்சமெல்லாம் அடுத்த வீட்டுக் கருவாட்டுக்காக.

மருத்துவரிடம் அழைத்துப்போய்த் தடைக்காலத்துக்கு ஊசியின் அளவைக் குறைத்து வாங்கினேன். அவளை அதிகம் காப்பாற்றியது அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அப்பத்தாவிடம் சொன்னால், "நர்சம்மா, நீங்கள் ராத்திரி இங்கேயா படுத்திருந்தீர்கள்?" என்பார்.

நாயைத் துரத்தும் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. இரட்டை வாடகை பேசி, மூவருமாக ஆட்டோவில் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். வெறிநோய்த் தடுப்பூசியைக் கண்டதும் நெத்திலி மேசைக்கு அடியில் பதுங்கியது. அவள் குனிந்து அதன் காதருகில் சொன்னாள்: "நீ தாராளமாகக் கண்ணை மூடிக்கொள்ளலாம். உனக்குத்தான் வேறு ஆள் போடுகிறாரே."